ராத்திரியில் மலை இறக்காதீர்கள்: சென்னை டூர் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னையிலிருந்து இலங்கைக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தி.நகர், மயிலாப்பூர், பெரம்பூர், தாம்பரம் என்று ஊர் முழுக்க இருக்கிறீர்கள். நான் போய்வந்த டூரை நடத்தியவர் யார் என்று சொல்லப்போவதில்லை. அந்த ஒருவரோடு முடிகிற விஷயமாக இருந்தால் அவருக்கே தனியாக எழுதியிருப்பேன்.

போன வாரம் எங்கள் மேல்வீட்டு அக்கா ஒரு நோட்டீஸோடு இறங்கி வந்தார். இலங்கை, 5 இரவு 6 பகல், மே மாத விடுமுறை சிறப்புப் பயணம். அவர் வீட்டிலிருந்தும் உறவிலிருந்தும் 12 பேர் போவதாகப் பேச்சு. "நீ போய்ட்டு வந்தவளாச்சே, இலங்கை இப்போ சேஃப்தானா?" என்று கேட்டார். நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். "நூறு சதவீதம் சேஃப் மேடம், வாரா வாரம் குரூப் போய்ட்டிருக்கு" என்று பதில் வந்ததாம்.

அக்காவின் பயம் எனக்குப் புரிகிறது. 2009 வரை அங்கே போர். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் கொழும்பு ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள்; அதில் இந்தியர்களும் உண்டு. 2022ல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, தெருவெல்லாம் போராட்டம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மலையே சரிந்து, 600 பேருக்கு மேல் பலி. இத்தனையையும் டிவியில் பார்த்தவர் கேட்கத்தானே செய்வார்?

ஆனால் 2024 மே மாதம் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு 26 பேர் கொண்ட குழுவில் நான் போனபோது எங்களுக்கு ஆபத்து வந்தது இவை எதிலிருந்தும் இல்லை. பெரம்பூரில் உட்கார்ந்து கையில் வாங்கிய பயணத்திட்டத்திலிருந்து வந்தது. முன்பணம் கட்டிய அன்று அந்தத் தாளை நான் இரண்டு முறை படித்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டாம் நாள் திட்டம் இதுதான். காலை 6 மணிக்குக் கண்டியில் புறப்பாடு. வழியில் தேயிலைத் தொழிற்சாலை, இறம்பொடை அனுமார் கோயில், மதியம் நுவரெலியா, சீதா எலியவில் சீதையம்மன் கோயில், பூங்கா, கடைவீதி. இரவு மறுபடி கண்டி. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் 80 கிலோமீட்டர்கூட இல்லை. காகிதத்தில் பார்த்தால் செங்கல்பட்டு போய் வருகிற மாதிரி தெரியும். ஆனால் நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழி முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. மழையும் மூடுபனியும் இருந்தால் ஒரு பக்கத்துக்கே 3 மணி நேரம் ஆகிவிடும். நுவரெலியாவில் ராத்தங்கல் போட்டால் அறை வாடகை ஏறும், தலைக்கு இவ்வளவு என்று நோட்டீஸில் போட்ட தொகை தாண்டிவிடும். அதனால் அன்றிரவே இறக்கிவிடுகிறீர்கள். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எங்கள் கோஸ்டர் பஸ்ஸை ஓட்டியது முப்பது வயதுகூட ஆகாத ஒரு சிங்களத் தம்பி. தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டே எல்லாரிடமும் பிரியமாகப் பேசினார். வழிகாட்டியும் அவரே. முதல் நாள் விடியற்காலை விமான நிலையத்தில் எங்களை ஏற்றிக்கொள்வதற்கு முந்தின இரவுதான் வேறொரு குழுவைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்.

என் அப்பா பல்லவன் பஸ் ஓட்டியவர். அயனாவரம் டிப்போ. ராத்திரி வண்டி ஓட்டி முடித்தவருக்கு அடுத்த காலையே வண்டி கொடுத்தால், அது தன் டியூட்டியாக இல்லாவிட்டாலும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவார். அதனால் ஓட்டுநர் அசந்திருக்கிறாரா என்று பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அன்று இரவு 8 மணிக்கு மேல் நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது அந்தத் தம்பி தன் பக்கத்துக் கண்ணாடியை முழுசாகத் திறந்துவிட்டார். வெளியே மழைத் தூறல், நல்ல குளிர். பின்னாலிருந்து, "தம்பி, கண்ணாடிய மூடுப்பா, குளிருது" என்று குரல் வந்தது. மூடினார். ஐந்து நிமிடத்தில் மறுபடி திறந்தார். மறுபடி சத்தம் போட்டார்கள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் ஊற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூங்காமல் இருக்கத்தான் காற்று வாங்குகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்துபோய் டூர் மேனேஜரிடம் சொன்னேன். "இன்னும் ஒரு மணி நேரம்தான் மேடம், ஓட்டல்ல டின்னர் ரெடியா இருக்கு" என்றார்.

பத்து நிமிடம் கழித்து ஒரு வளைவில் பஸ்ஸின் முன்சக்கரம் சாலையோரக் கால்வாயில் இறங்கியது. மலைப் பக்கத்துக் கால்வாய். பள்ளத்துப் பக்கமாக இறங்கியிருந்தால் இந்த மடலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். முன் சீட்டுக் கம்பியில் மோதி அம்மாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவருக்கு அப்போது 71 வயது. சத்தமே போடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, "டிரைவர் தம்பிக்கு அடி படலையே?" என்றுதான் கேட்டார்.

மழையில் டார்ச்சோடு முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு அம்மா, "1990க்கு அடிச்சீங்களா?" என்று கேட்டார். எங்கள் 26 பேரில் ஒருவருக்கும் அப்படி ஒரு நம்பர் இருப்பதே தெரியாது. வாரா வாரம் குழு கொண்டுவரும் மேனேஜருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாவே தன் போனில் கூப்பிட்டார். வந்தது சுவசெரிய ஆம்புலன்ஸ். கட்டணம் கிடையாது. நம் ஊர் 108 மாதிரிதான். இந்தியா கொடுத்த நன்கொடையில் 2016ல் தொடங்கி, பிறகு தீவு முழுக்க விரிவான சேவை. நம் நாட்டுப் பணத்தில் ஓடத் தொடங்கிய வண்டியின் நம்பர் நமக்குத் தெரியவில்லை, தோட்டத்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த வருடம் 2025 மே 11 அன்று, கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் கொத்மலை கரண்டி எல்லப் பகுதியில், கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் விடியாத நேரத்தில் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நாங்கள் இறம்பொடைக்குப் போய்வந்த அதே சாலை. அந்த செப்டம்பர் 4 இரவு, எல்ல–வெல்லவாய சாலையில் இன்னொரு பஸ். தங்காலை நகரசபை ஊழியர்கள் உல்லாசப் பயணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். 15 பேர் போய்விட்டார்கள். இரண்டும் மலைச்சாலை, இரண்டும் இருட்டு நேரம். இலங்கையில் சாலை விபத்தில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். குண்டைப் பற்றிக் கேட்கிறவரிடம் இதைச் சொல்வதில்லை நீங்கள்; கேட்கிறவர்களுக்கும் கேட்கத் தெரிவதில்லை.

திருகோணமலைப் பக்கம் கோணேசர் கோயில் பார்த்துவிட்டு இரவிலேயே சிகிரியாவுக்கோ கண்டிக்கோ திரும்புகிற திட்டமும் சில நோட்டீஸில் பார்த்தேன். கந்தளாய்–ஹபரணைச் சாலை காட்டு யானை குறுக்கே வரும் பாதை. ஹபரணைக்குப் பக்கத்தில் கல்லோயாவில் 2025 பிப்ரவரியில் யானைக் கூட்டத்தில் மோதி ரயிலே தடம் புரண்டது. அங்கே ராத்திரி பத்து மணிக்கு ஒரு சின்ன பஸ்ஸில் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு எதற்காக வர வேண்டும்? பாடல் பெற்ற தலத்தைத் தரிசிக்க ஆயுசில் ஒரு முறை வருகிறவர்களுக்கு அங்கேயே ஒரு இரவு தங்கிக் காலை பூஜை பார்ப்பதைவிட வேறென்ன வேண்டும்?

அப்புறம் கடல். நமக்குப் பள்ளி விடுமுறை மே மாதம். நீங்கள் மே மாதம் பென்தோட்டைக்கும் உனவட்டுனவுக்கும் அழைத்துப் போகிறீர்கள். அங்கே தென்மேற்குப் பருவக்காற்று இறங்குகிற நேரம் அது. தெற்கு, மேற்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை அலை முரடாக இருக்கும், கரையில் சிவப்புக் கொடி நடுவார்கள். அதே மாதங்களில் கிழக்கே நிலாவெளியில் கடல் குளம் மாதிரி கிடக்கும். நவம்பர், டிசம்பர் வந்தால் தலைகீழ். கிழக்குப் பக்கம் சீறும், மேற்கு அடங்கும். மாதத்தைப் பார்த்துக் கரையை மாற்றிப் போடுவது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. எங்கள் குழுவில் இருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் பென்தோட்டையில் மாலை ஆறு மணிக்கு ஜீன்ஸோடு இறங்கினார்கள். "மெரினாவுல பாக்காத அலையா ஆன்ட்டி" என்றார்கள். மெரினா எத்தனை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பது தெரிந்துமா அப்படிச் சொன்னார்கள் என்று எனக்கு வயிறு கலங்கியது. இளநீர் விற்ற ஒரு பெரியவர்தான் கத்திக் கூப்பிட்டுக் கரையேற்றினார். மேனேஜர் அந்த நேரம் அறைச் சாவி வாங்கப் போயிருந்தார்.

ரயில் விஷயமும் ஒன்று. மலைரயிலில் கதவைப் பிடித்து வெளியே தொங்கிப் படம் எடுப்பதை உங்கள் விளம்பரத்திலேயே போடுகிறீர்கள். தயவுசெய்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அப்படித் தொங்கிச் செத்த வெளிநாட்டுப் பயணிகள் இருக்கிறார்கள்.

டித்வாவுக்குப் பிறகு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்ற அரசு அமைப்பு, எந்தெந்தப் பகுதியில் மண் சரியலாம் என்று மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலையில் எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அர்த்தம். குழுவை மலைக்கு ஏற்றும் அன்று காலை அதைப் பார்த்தீர்களா? சிவப்போ செம்மஞ்சளோ இருந்தால் பாதையை மாற்றுவீர்களா, பணத்தில் எவ்வளவு திருப்புவீர்கள்? முன்பணம் வாங்கும்போதே இதை எழுத்தில் கொடுங்கள். "இயற்கைச் சீற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டால் எழுபது வயதுக் கண்ணுக்கு அது தெரியாது.

காப்பீடு பற்றியும் அப்படியே. "இன்சூரன்ஸ் சேர்த்துத்தான் சார்" என்று ஒரே வரியில் முடிக்கிறீர்கள். எழுபது தாண்டியவருக்கு எவ்வளவு, சர்க்கரை, பிரஷர் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்வதில்லை. அம்மாவுக்கு அரசு மருத்துவமனையில் அன்றிரவே கட்டுப் போட்டு நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் சென்னை வந்து செய்துகொண்ட அறுவைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. அந்தப் பாலிசித் தாளை எங்கள் கையில் கொடுத்ததே திரும்பி வந்த பிறகுதான்.

நான் கேட்பது உங்கள் தொழிலைக் கெடுக்கிற விஷயம் இல்லை. இலங்கைக்குப் போகாதீர்கள் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. 2024ல் அந்த நாட்டுக்கு வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் 4 லட்சத்துக்கு மேல் இந்தியர்கள்தான்; பெரும்பாலோர் நல்லபடியாகப் போய்த் திரும்பியிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேர விமானத்தில், நம் மொழி பேசுகிற ஊர்கள் இருக்கிற நாடு. கடை போர்டில் தமிழ் இருக்கிறது. ராத்திரி மழையில் யாரென்றே தெரியாத எங்களுக்கு அந்த லயத்து வீட்டில் இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தார்கள். டம்ளரைப் பிடிக்க அம்மாவுக்குக் கை வராது என்று பார்த்துவிட்டு, அந்த வீட்டுச் சின்னப் பெண் ஸ்பூனில் எடுத்து ஊட்டினாள். "கை சரியானதும் அந்தப் பொண்ணைப் போய்ப் பாக்கணும்" என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டாயம் கூட்டிப்போவேன்.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். ஆறு மணி அடித்த பிறகு மலைச்சாலையில் குழுவை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். நுவரெலியாவில் தங்கினால் தலைக்கு எவ்வளவு கூடும் என்று சொல்லிவிடுங்கள். வசதி இருப்பவர் தருவார், இல்லாதவர் அந்த இடத்தை விட்டுவிட்டுக் கண்டியோடு நிறுத்திக்கொள்வார். முந்தின இரவு ஓட்டாத ஓட்டுநரைக் கேட்டு வாங்குங்கள். வாடகையைப் பேரம் பேசிக் குறைக்கிற உங்களுக்கு இதையும் பேசி வாங்கத் தெரியும். வழிகாட்டிக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தில் மாட்டிவிடுகிறீர்களே ஒரு அட்டை, அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. ஆம்புலன்ஸ் 1990, போலீஸ் 119, சுற்றுலா உதவி 1912, தங்கும் ஓட்டல் பெயர். இவ்வளவும் பெரிய தமிழ் எழுத்தில் அதில் அடங்கும்.

மேல்வீட்டு அக்கா இன்னும் முன்பணம் கட்டவில்லை. நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர் கையில் இருக்கும் நோட்டீஸிலும் இரண்டாம் நாள் காலை 6 மணிக்குக் கண்டியில் புறப்பாடு, இரவு கண்டிக்குத் திரும்புதல் என்றுதான் போட்டிருக்கிறது. அந்த 12 பேரில் நாலு பேர் எழுபதைத் தாண்டியவர்கள், இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்த இரவு அவர்களை எங்கே தங்கவைக்கப் போகிறீர்கள் என்று தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு ஒரு தாளில் அவருக்குக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து, ஒரு பஸ் ஓட்டுநரின் மகள்