நாலு வகுப்பு, நாலு ஓட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. ஸ்டாக்ஹோமில் நீ தினமும் கடந்து போகும் அந்த ரிட்டர்ஹூசெட், பிரபுக்கள் மாளிகை, எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்டாயே. போனில் சொன்னால் மீட்டிங் என்று பாதியில் ஓடிவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

சுவீடனின் நாடாளுமன்றம் 1866 வரை நாலு வகுப்பாகத்தான் கூடியது: பிரபுக்கள், பாதிரிமார், நகரத்து வணிகர், விவசாயிகள். தனித்தனியாக உட்கார்ந்து பேசுவார்கள். பிரபுக்கள் உட்கார்ந்து பேசியது அந்த மாளிகையில்தான். வகுப்புக்கு ஒரு ஓட்டு. சாதாரண விஷயங்களுக்கு மூன்று வகுப்புகள் ஒத்துக்கொண்டால் போதும். பிரபுக் குடும்பம் ஒவ்வொன்றின் தலைவருக்கும் பிறப்பிலேயே இடம் உண்டு. தேர்தல் கீர்தல் எதுவும் கிடையாது. மாளிகைக் கூடத்தின் சுவர் முழுக்கத் தொங்கும் 2,300-க்கு மேற்பட்ட கேடயச் சின்னங்கள் அந்தக் குடும்பங்களுடையவைதான்.

விவசாயிக்கென்று தனி இடம் கொடுத்தது அன்றைய ஐரோப்பாவில் அபூர்வம். பிரான்சில் 1789-இல் கூடிய சபையில்கூட பாதிரியும் பிரபுவும் போக மீதிப் பேரெல்லாம் ஒரே வகுப்பு. அதற்காக ரொம்பவும் மெச்சிவிடாதே. சொந்த நிலமோ அரசு நிலமோ வைத்து வரி கட்டியவன்தான் அங்கே விவசாயி. பிரபுவின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவனும் கூலிக்காரனும் கணக்கிலேயே இல்லை.

எனக்குப் பிடித்த ஆள் ஆண்டர்ஸ் சிடேனியஸ். அப்போது சுவீடனோடு சேர்ந்திருந்த பின்லாந்திலிருந்து பாதிரிமார் வகுப்புக்கு வந்தவர். 1766-இல் வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்துக்குப் பெரிதும் பாடுபட்டார். சட்டம் வருவதற்குள், அரசின் நாணயக் கொள்கையைக் குறைசொல்லி எழுதினார் என்று அவருடைய வகுப்பே அவரை வெளியேற்றிவிட்டது. நல்ல கூத்து!

1772-இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் படைபலத்தைக் காட்டி அதிகாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் இருபது வருஷத்தில் பிரபுக்கள் சிலரின் சதியில் சுடப்பட்டுச் செத்தார். அது தனிக் கதை.

நாலு வகுப்பையும் கலைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவர் லூயி டி யீர். அவரும் பிரபுதான். வணிகருக்கும் விவசாயிகளுக்கும் சம்மதம். பாதிரிமாரோ பிரபுக்கள் என்ன சொல்கிறார்கள் பார்க்கலாம் என்று காத்திருந்தார்கள். நீ பார்க்கும் அந்த மாளிகையில் நாட்கணக்கில் வாதம், வெளியே சதுக்கத்தில் கூட்டம். 1865 டிசம்பர் 7-இல் 361-க்கு 294 என்று மசோதா ஜெயித்தது. பிரபுக்கள் தங்கள் பரம்பரை உரிமைக்குத் தாங்களே முடிவு கட்டினார்கள் என்று புகழ்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. புதிய நாடாளுமன்றத்தின் முதல் அவையில் உட்கார 80,000 ரிக்ஸ்டாலர் சொத்தோ, வருஷம் 4,000 வருமானமோ வேண்டும், சம்பளமும் கிடையாது. பிறப்பு போய்ப் பணம் வந்தது, அவ்வளவுதான். அங்கே போய் உட்கார்ந்ததில் பிரபுக்களும் நிறையப் பேர்.

பின்லாந்து 1809-இல் ரஷ்யாவிடம் போன பிறகும் இந்த நாலு வகுப்பை 1906 வரை விடவில்லை. விட்டபோது ஒரேயடியாக ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டு கொடுத்துவிட்டது. சுவீடன் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டது 1921-இல்தான். இதை உன் ஆபீஸ் சுவீடன்காரர்களிடம் சொல்லிப்பார். என்ன பதில் வருகிறது என்று எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா