ஆக்சிஜன் எங்கே போகிறது?

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

பதினொன்றாம் வகுப்பில் செல் சுவாசம் நடத்தப்போவதாகச் சொன்னாய். நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜனே கரியமில வாயுவாக மாறி வெளிவருகிறது என்று பிள்ளைகள் எண்ணியிருப்பார்கள். குளுக்கோஸும் ஆக்சிஜனும் சேர்ந்து கரியமில வாயுவும் நீரும் ஆகும் என்ற சமன்பாட்டை மட்டும் கரும்பலகையில் எழுதினால் அந்த எண்ணம் இன்னும் ஊறிவிடும். அதை முதலிலேயே களைந்துவிடு, அம்மா.

குளுக்கோஸ் செல்லின் சைட்டோபிளாசத்தில் பைருவேட் என்னும் இரண்டு சிறிய மூலக்கூறுகளாக உடைபடும்போது, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி நிகரமாக இரண்டு மூலக்கூறுகளே கிடைக்கின்றன. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்தபின், அங்கும் 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கிய சுழற்சியிலும் கார்பன் அணுக்கள் கழன்று கரியமில வாயுவாகின்றன. இதுவரை ஆக்சிஜன் மூலக்கூறு எந்த வினையிலும் நேரடியாகச் சேரவில்லை. உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்விலுள்ள புரதங்கள் வழியே படிப்படியாக ஆற்றலை இழந்து கடைசிப் புரதத்தை அடையும்போதுதான் ஆக்சிஜன் அவற்றை ஏற்கிறது. ஒரு மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் பெற்று, இரண்டு நீர் மூலக்கூறுகளாகிறது. சயனைடு அந்தக் கடைசிப் புரதத்தைத்தான் முடக்குகிறது. அதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாமல் போகிறது.

எலக்ட்ரான்கள் இழந்த ஆற்றல் எப்படி ஏடிபி ஆகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இடையில் ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்க வேண்டுமென்று பலரும் தேடிக்கொண்டிருந்தபோது, அந்த ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வின் மறுபக்கத்துக்குத் தள்ளுகிறது என்றும், அவை திரும்பி வரும் விசையே ஏடிபியை உருவாக்குகிறது என்றும் 1961இல் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் முன்வைத்தார். பல ஆண்டுகள் கடும் எதிர்ப்பைச் சந்தித்த அந்தக் கருத்துக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

புரோட்டான்கள் திரும்பும் வழியிலுள்ள ஏடிபி சின்தேஸ் நொதி உண்மையிலேயே சுழல்கிறது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அச்சில் ஆக்டின் என்னும் புரதத்தாலான ஒளிரும் இழையொன்றைப் பொருத்தி, ஏடிபியைக் கொடுத்து, நொதியைப் பின்னோக்கி இயக்கி, இழை சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்டார்கள். வாய்ப்பிருந்தால் அந்தக் காணொளியை வகுப்பில் காட்டு. பாடம் முழுவதற்கும் அது உயிர் கொடுக்கும்.

ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்று பழைய நூல்கள் சொல்லும். சவ்வில் கசியும் புரோட்டான்களையும் பொருள்களை உள்ளே வெளியே கடத்தும் செலவையும் கழித்தால் ஏறத்தாழ 30 முதல் 32 வரைதான் கிடைக்கும். தேர்வில் பாடநூலில் உள்ள எண்ணையே எழுதட்டும். ஆனால் இந்த வேறுபாடு எதனால் வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு நேரம் ஒதுக்கி விளக்கு.

அன்புடன்,
அப்பா