தலையில் அடிபட்டவர் தையல் மெஷினுக்குத் திரும்ப: நன்கொடை வேண்டுகோள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் பனியன் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவர் உயிரோடு வீடு திரும்ப அது கைகொடுக்கிறது. நாங்கள் பணம் கேட்பது அதற்குப் பல மாதம் கழித்து வரும் ஒரு காலத்துக்கு. தையல் பிரித்தாயிற்று, முடி வளர்ந்தாயிற்று, “ஆள் தேறிட்டான்” என்று எல்லோரும் சொல்லியாயிற்று. கம்பெனிக்குப் போனவர் பத்து நாளில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்தக் காலத்துக்கு.

கை ஓடத்தான் செய்கிறது. பல வருடத் தையல் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் மறக்காது. தங்காதது கவனம். தலை குலுங்கியபோது மூளைக்குள் நுண்ணிய நரம்பிழைகள் ஆங்காங்கே அறுந்திருக்கும், சி.டி. ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரியாது. ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் பழைய ஆள்தான். அப்புறம் துணிக்கட்டில் சைஸ் எழுதியிருக்கும் பண்டல் சீட்டைப் பார்க்காமல் ‘எல்’ சைஸ் பனியன் உடலில் ‘எம்’ சைஸ் கைத்துணியை வைத்து ஓட்டிவிடுவார். நூல் அறுந்தால் மறுபடி கோக்கும்போது பாதியில் நின்றுவிடுவார். சூப்பர்வைசர் ஒரே மூச்சில் மூன்று வேலை சொன்னால் கடைசி ஒன்றுதான் மனதில் நிற்கும். மெஷின் இரைச்சல், டியூப் லைட், ஸ்பீக்கர் பாட்டு எல்லாம் சேர்ந்து மதியத்துக்குள் ஆளைக் களைக்க வைத்துவிடும். அந்த அசதி எரிச்சலாக வெளியே வரும்போது தையல் லைனில் “திமிரு” என்கிறார்கள், “குடிச்சிருக்கானா?” என்று கேட்கிறார்கள்.

கேட்டால் அவரே “எனக்கு ஒண்ணுமில்லை” என்பார். அது பொய்யில்லை. தன் குறையைத் தானே கண்டுகொள்ளும் திறனும் அடிபட்ட இடத்தோடு போயிருக்கலாம். வாதாடிப் பயனில்லை. தைக்கத் தொடங்கும் முன், இந்த இருபது பீஸில் எத்தனை சரியாக வரும் என்று அவரையே எழுதச் சொல்ல வேண்டும். முடித்ததும் அவரே எண்ண வேண்டும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பிறர் சொல்லிக் காட்டுவதைவிட நன்றாகப் புரியவைக்கும்.

பெங்களூரு நிம்ஹான்ஸிலும் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்திலும் நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் பழகியதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் இந்தக் காயத்துக்கு மிகவும் கடினமானது. அமைதியான அறையில் நன்றாகச் செய்தவர் லைனில் தடுமாறுவார். அதனால் பயிற்சியின் பெரும்பகுதி அவர் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே, பக்கத்தில் ஒரு துணையாளோடு நடக்க வேண்டும். எங்கள் திட்டம் இதுதான்.

முதல் இரண்டு வாரம் எங்கள் பயிற்சிக் கூடத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு மணி நேரம். எத்தனையாவது நிமிடத்தில் பிழை கூடுகிறது என்று பணிப்பயிற்சி சிகிச்சையாளர் குறித்துக்கொள்வார். நாற்பதாவது நிமிடம் என்றால் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஓய்வு. செல்போன் அலாரம் வைத்துவிடுவோம். களைத்த பிறகு கொடுக்கும் ஓய்வு தாமதமான ஓய்வு. மூன்றாம் வாரம் கம்பெனியில் மூன்று மணி நேரம். பிழை கூடாமல் இரண்டு வாரம் போனால்தான் மேலும் ஒரு மணி நேரம் சேர்ப்போம். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் எட்டு மணி நேரத்தைத் தொட்டால் நல்லது. ஆறில் நின்றாலும் சரி. ஒன்றரை ஷிப்ட் பேச்சே கிடையாது.

மெஷினில் நூல் கோக்கும் வரிசையைப் படமாக்கி, லேமினேட் செய்து ஒட்டுவோம். சைஸுக்கு ஒரு நிறத்தில் கிளிப். நடைபாதைப் பக்கம் உட்காராமல் சுவரைப் பார்த்த இருக்கை. வேலை சொல்ல ஒரே ஒருவர், ஒரு சமயத்தில் ஒரே வேலை. பாக்கெட்டில் ஒரே நோட்டு. இரண்டு நோட்டு வைத்தால் இரண்டும் தொலையும்.

சில வேலைகளுக்கு யார் கேட்டாலும் அனுப்ப மாட்டோம். வலிப்பு வந்தவரை கட்டிங் மெஷின், பாய்லர், ஸ்டீம் அயர்ன் பக்கம் விட முடியாது. நைட் ஷிப்ட் அறவே கூடாது, தூக்கம் கெட்டால் வலிப்பு திரும்பலாம். நெற்றியில் அடிபட்டவர்களில் சிலருக்கு வாசனை தெரியாமல் போகும். அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. காப்பித்தூளை முகரக் கொடுத்துப் பார்க்காமல் சாயம் போடும் டையிங்குக்கும் கெமிக்கல் குடோனுக்கும் அனுப்புவது ஆபத்து.

இனிப் பணம். அரசு வேலையில் இருப்பவர் மாற்றுத்திறனாளி ஆகிவிட்டால் அவரை வேலையைவிட்டு எடுக்கக் கூடாது என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணம் கிடைக்கும். ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்த்த நாளுக்கு அது கிடையாது. இரண்டு மணி நேரம் பார்த்தாலும் வேலை வேலைதான். மெதுவாகத் திரும்புகிறவருக்கு இதனால் இரண்டு பக்கமும் நஷ்டம். வீட்டில் கடன் நெருக்க, முதல் நாளே முழு ஷிப்ட் போய் உட்கார்ந்து, அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உங்கள் பணத்தில் ஒரு பகுதி இந்தக் குறையும் கூலியை ஈடுகட்டப் போகிறது.

நான்கு பேர் கொண்ட ஓர் அணிக்கு மூன்று மாதச் செலவு: வாரம் மூன்று அரைநாள் வரும் சிகிச்சையாளருக்கு ரூ.45,000; இரண்டு துணையாள்களுக்கு ரூ.96,000, நான்கு பேருக்கும் கூலி ஈடு ரூ.60,000, வண்டி ஓட்டக் கூடாது என்பதால் பஸ், ஆட்டோ ரூ.12,000, வாடகை, கரண்ட் ரூ.24,000, அட்டை, நோட்டு, கிளிப் ரூ.3,000. மொத்தம் ரூ.2,40,000, ஆளுக்கு ரூ.60,000. வருடத்துக்கு நான்கு அணி என்றால் ரூ.9,60,000. இதோடு பழைய ஓவர்லாக், லைட் வைத்த செக்கிங் டேபிள், பேக்கிங் டேபிள், தராசு வாங்க ஒருமுறைச் செலவு ரூ.50,000. கையில் ரூ.2,60,000 இருக்கிறது. தேவை ரூ.7,50,000.

கம்ப்யூட்டரில் மூளைப் பயிற்சி விளையாட்டு வாங்கித் தரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதில் விளையாட்டு தேறும். பண்டல் பிரிப்பது தேறுமா என்பது சந்தேகம். அதற்குச் செலவழிக்க மாட்டோம். மருந்து, ஆபரேஷன் செலவும் இதில் இல்லை. பார்த்த நேரத்துக்குக் கூலி கொடுக்காத கம்பெனிக்கு ஆளை அனுப்பவும் மாட்டோம். எல்லோரும் பழைய வேலைக்கே திரும்புவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. டெய்லராகப் போனவர் செக்கிங்கில் நிலைக்கலாம், சிலருக்கு எதுவும் அமையாமலும் போகலாம்.

மெஷினாகத் தருபவர்கள் டைரக்ட் டிரைவ் மோட்டாரும் விரல் காப்பும் உள்ளதாகப் பார்த்துத் தாருங்கள். பழைய கிளட்ச் மோட்டார் வேண்டாம். தைக்காதபோதும் இரைந்துகொண்டே இருக்கும். பழகுவதற்குக் கட்பீஸ் எவ்வளவு வந்தாலும் வாங்கிக்கொள்வோம். ஓய்வுபெற்ற லைன் சூப்பர்வைசர்கள் வாரம் இரண்டு மணி நேரம் தந்தால் அது பணத்தைவிடப் பெரிது.

எங்களுக்கு 80ஜி பதிவு கிடையாது, வரிவிலக்கை எதிர்பார்த்துத் தர வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களின் பணத்தையும் சட்டப்படி வாங்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர்கள் தரலாம். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைக் கூடத்தின் வாசலில் ஒட்டுவோம். பயனடைந்தவர்களின் பெயரோ போட்டோவோ அதில் இருக்காது.

முதல் அணி தை மாதம் தொடங்கும். தீபாவளிக்கு முன்பே தொடங்கலாமே என்றார்கள். அந்த ஆர்டர் நெருக்கடியில் லைனில் ஒருவருக்கும் பொறுமை இருக்காது.