புள்ளியை மட்டும் நம்பலாமா?

ஆசிரியருக்கு,

உளவளத்துணை நாடி வருபவரிடம் வினாத்தாளை நீட்டி, புள்ளியைக் கூட்டி, உடனே 'மனச்சோர்வு' என்று குறித்துவிடும் அவசரம் கவலை தருகிறது. மனச்சோர்வை மதிப்பிட 2001இல் வெளியான பிஎச்கியூ-9 (PHQ-9) வினாத்தாள், கடந்த இரண்டு வார நித்திரைக் குழப்பத்தையும் களைப்பையும் கேட்கிறது. விடிய விடியக் கடலில் வலை இழுக்கும் மூதூர் மீனவர் இரண்டுக்கும் முழுப்புள்ளி, தலா 3, போடக்கூடும். மொத்தம் 27இல் 6 அங்கேயே சேர்ந்துவிடும். மனச்சோர்வு இருக்கலாம் எனக் கருதும் வழமையான எல்லையோ 10தான். மறுவாரமும் அதே புள்ளி வந்தால் அது நம்பகம் மட்டுமே. அளக்க வேண்டியதைத்தான் அளந்தோமா என்பதே ஏற்புடைமை. தமிழாக்கம் மட்டும் போதாது; எல்லைப் புள்ளியை நம் மக்களிடமே சோதித்துப் பார்க்க வேண்டும். அதுவரை, புள்ளியை எழுதுமுன் அவருடைய தொழிலையும் கேளுங்கள்.

வாசகர்,
திருகோணமலை