நோட்டில் ஒரு வரி எழுதிய சிஸ்டருக்கு

எல்லாருக்கும் வணக்கம். அந்த வெள்ளிக்கிழமை கால் அடிபட்டு ஆபரேஷன் வரை போனது உங்களுக்கே தெரியும், அதை மறுபடி சொல்லப்போவதில்லை. இன்று 23-ஆம் நாள். வாக்கரைப் பிடித்து நடந்துவந்து திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை நடுங்கவில்லை.

ரத்தம் கொடுத்த தம்பிகள், ராத்திரி கண் விழித்த மச்சான், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட எதிர்வீட்டு அத்தை, வண்டித் தவணையைச் சொல்லாமலே கட்டிய ஸ்டாண்டு நண்பர்கள்... ஒவ்வொருவர் வீட்டுக்கும் வர வேண்டும். கால் சரியாகட்டும், வருகிறேன்.

இந்த மடல் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டருக்கு. படித்தால் அவரே ஆச்சரியப்படுவார்.

போன சித்திரையில் பிரஷர் மாத்திரைக்குப் போயிருந்தேன். அதற்கு முன் பார்த்த டாக்டர்கள் எல்லாம், "குடிப்பீங்களா?" என்பார்கள். "எப்பவாவது" என்பேன். பேச்சு அதோடு முடிந்துவிடும். சிஸ்டர் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, உப்பு தூக்கலாகப் போடுவீர்களா என்று கேட்ட அதே குரலில், "வாரத்துல எத்தனை நாள் குடிப்பீங்கண்ணா?" என்றார். பின்னால் வரிசையில் என் சித்தப்பா மகன் நின்றிருந்தான். அதைக் கவனித்து என் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டார். பொய் வரவில்லை.

"தினமும்தான். ஆனா ஒரே ஒரு குவாட்டர், சிஸ்டர்."

என் மாத்திரை நோட்டின் பின்னட்டையில் கணக்குப் போட்டார். பிராந்தி 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம், எடை போட்டால் 60 கிராம். 10 கிராம் ஒரு அளவு. "ஒண்ணு இல்லண்ணா, ஆறு." ஒரே நேரத்தில் ஆறோ அதற்கு மேலோ எவ்வளவு அடிக்கடி என்பதுதான் மூன்றாவது கேள்வி. அதற்கும் 'தினமும்' என்று ஆகிப்போனது. மூன்று கேள்விக்கும் சேர்த்து 12-க்கு 10, மார்க் கூடினால் ஆபத்தும் கூடுமாம். பள்ளிக்கூடத்தில்கூட இப்படி மார்க் வாங்கியதில்லை என்றேன். சிரித்தார், ஆனால் விடவில்லை. "நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, வலிப்பு வரலாம். டாக்டரைப் பாருங்க."

நான் பார்க்கவில்லை. மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். சிஸ்டர் முகத்தில் விழிக்காமல் இருக்க அது எனக்கு வசதியாகப் போயிற்று.

ஆனால் அவர் நோட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்: 'மது, தினமும் 180 மி.லி. நிறுத்தினால் கவனிக்கவும்.' அந்த வெள்ளிக்கிழமை என் மனைவி பையில் அந்த நோட்டையும் போட்டிருக்கிறாள். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் படித்துவிட்டார். வைட்டமின் பி1 ஊசி முதல் நாளே ஏறியது. குடி நின்ற மூன்றாம் நாள் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்தபோது அங்கே யாரும் பதறவில்லை, மருந்து தயாராக இருந்தது.

பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே மூன்றாம் நாள்தான். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கத்தினார். கை இரண்டையும் கட்டிலோடு கட்டினார்கள். காத்து கருப்பு என்று அவருடைய அம்மா திருநீறு பூசிக்கொண்டிருந்தார். குடி திடீரென்று நின்றதுதான் காரணம் என்று தெரிய மறுநாள் ஆயிற்று. அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சிஸ்டர் கேட்டவை, உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்துப் பார்த்து 1989-ல் வெளியிட்ட 10 கேள்விகளில் முதல் மூன்று கேள்விகளாம். மனநல டாக்டர் சொன்னார். கேட்டு முடிக்க, பட்டையில் காற்று ஏறி இறங்குகிற நேரம்கூட ஆகவில்லை. இதைப் பத்து வருஷம் முன்னால், வாரம் ஒரு நாள் குடித்தபோதே யாராவது கேட்டிருந்தால்? தெரியவில்லை. அப்போதும் எப்பவாவது என்றுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

இனித் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. கோயிலில் கயிறு கட்டி, கட்டிய கயிற்றை நானே அறுத்தவன். வரும் செவ்வாய்க்கிழமை நோட்டோடு சிஸ்டரைப் பார்க்கப் போகிறேன். இப்போதைக்கு அவ்வளவுதான் வாக்கு.

அப்புறம், பார்க்க வருகிற நண்பர்களுக்கு: வலிக்கு ஒரு கட்டிங் நல்லது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். சாத்துக்குடி வாங்கி வாருங்கள்.