ஸ்பூனர் ரோடு செல்விக்கு

அன்புள்ள செல்வி,

எப்படிடி இருக்க? அப்பாவுக்கு இருமல் விட்டுருச்சா? போன வாரம் நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ்ல பின்னாடி அவரு குரல் கேட்டுச்சு, "யாரு, ஜெயாவா?"ன்னு. அதக் கேட்டதுலேருந்து எழுதணும் எழுதணும்னு இருந்தேன். இங்க சிங்கப்பூர்ல எல்லாரும் சுகம், சின்னவளுக்குப் போன மாசம் வேலை கெடச்சிருச்சு, எனக்கு முட்டி வலி மட்டும் அப்படியேதான் இருக்கு.

விஷயம் என்னன்னா, சனிக்கிழமை ஒரு இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன், ரயிலப் பத்தின எழுத்துக்காகவே ஒரு நாள் முழுக்க. இங்கிலாந்துல ஸ்டாக்டன் டார்லிங்டன் லைன்ல 1825 செப்டம்பர்ல ரயில் ஓடி 200 வருஷம் ஆச்சுன்னு அங்க பெரிசா கொண்டாடுனாங்கல்ல, அதப் பாத்து இங்க படிக்கிற ஆளுங்க கொஞ்சப் பேரு சேந்து ஏற்பாடு பண்ணது. நாலு மொழியிலயும் வாசிச்சாங்க. மலாய்ல ஒரு அம்மா, ராத்திரி ரயில்ல கிளந்தானுக்குப் புள்ளயத் தூக்கிட்டுப் போனதப் பத்தி எழுதி வாசிச்சாங்க, எனக்குப் பாதிதான் புரிஞ்சுச்சு, ஆனா குரல்லயே எல்லாம் இருந்துச்சு.

தமிழுக்கு வந்தப்ப தி. ஜானகிராமனோட 'சிலிர்ப்பு' வாசிச்சாங்க. ஞாபகம் இருக்கா, நம்ம லைப்ரரில ஒரே புக்க மாத்தி மாத்திப் படிச்சோமே, கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போற அந்தச் சின்னப் பொண்ணுக்குப் பையன் தன்னோட ஆரஞ்சக் குடுத்துருவான். முப்பது வருஷம் கழிச்சுக் கேட்டும் அதே எடத்துல தொண்டை அடச்சிருச்சு. ரயில்ல மட்டுந்தான்டி அந்தக் கதை நடக்க முடியும், முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க எதிரெதிர ராத்திரி பூரா உக்காந்து, எறங்குற ஸ்டேஷன் வர்றதுக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர் உசுராப் போற எடம் வேற எங்க இருக்கு?

ஆனா அதுக்கப்புறம் வந்த தமிழ் வாசிப்பு எல்லாமே கும்பகோணம், திருச்சி, எக்மோர்தான். நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லல. ஆனா நான் ஒக்காந்து ஒக்காந்து பாக்குறேன், நம்ம ரயில் எப்ப வரும் எப்ப வரும்னு, கடைசி வரைக்கும் வரல. மலாயாவோட முதல் ரயில் 1885 ஜூன் 1ல தைப்பிங்லேருந்து போர்ட் வெல்ட் வரைக்கும் ஓடுச்சு, மொத்தமே 13 கிலோமீட்டர் இருக்கும். அந்தப் பாதையப் போட சிலோன்லேருந்துதான் ஆளக் கொண்டாந்தாங்க. அப்புறம் லைன்ல ஜல்லி கொட்டுனது, கட்டை மாத்துனதுன்னு கேங்ல பாதிக்கு மேல நம்ம ஆளுங்க, ஆபீஸ்ல, ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலில யாழ்ப்பாணத்துக்காரங்க. எங்க பாட்டி கடைசி வரைக்கும் ரயில் பாதைன்னு சொன்னதே கெடையாது, கம்பிச் சடக்குன்னுதான் சொல்லும். அந்த ஒரு வார்த்தைக்குள்ளயே ஒரு கதை இருக்குல்ல?

குவீன்ஸ்டவுன்ல ரயில் பாதை ஓரமா 1932ல ரயில்வே ஆளுங்க வச்சுக் கும்புட்ட முனீஸ்வரன்தான இன்னைக்குக் காமன்வெல்த் டிரைவ்ல அவ்ளோ பெரிய கோயிலா நிக்கிறாரு. தஞ்சோங் பகார் ஸ்டேஷன் தொறந்ததும் அதே 1932தான். ஸ்டேஷன தேசிய நினைவுச் சின்னமாக்கி வச்சிருக்காங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா அந்த சாமிய வச்சுக் கும்புட்டவங்க ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா?

அப்புறம் சயாம், யுத்தத்துல ஜப்பான்காரங்க கைதிங்களையும் தொழிலாளிங்களையும் வச்சு பர்மாவுக்குப் போட்ட மரண ரயில். நான் போன தடவ சொன்னேன்ல, பாட்டியோட தம்பி தோட்டத்துலேருந்து போனவரு, திரும்பி வரவே இல்ல. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. செத்த வெள்ளக்காரக் கைதிங்க 12,000 பேருக்கு மேல, அவங்களுக்குக் காஞ்சனபுரில வரிசை வரிசையாக் கல்லறை, பேரு, ரெஜிமெண்ட், வயசு எல்லாம் பொறிச்சிருக்கு. ஆசியாக்காரத் தொழிலாளிங்க ஏறக்குறைய 90,000 பேரு செத்துருப்பாங்கன்னு கணக்கு சொல்றாங்க, அதுல நம்ம தோட்டத்துத் தமிழங்க எத்தனையோ ஆயிரம், அவங்களுக்குப் பேரு இல்ல, குழி எங்கன்னும் தெரியாது. 2023 மே மாசந்தான் அங்க ஒரு நடுகல் வச்சாங்க. 80 வருஷம்டி. மலேசியாவுல இதப் பத்தித் தமிழ்ல நாவல் எழுதிருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா ரயிலுக்குன்னு ஒரு நாள் ஒதுக்கி ஒக்காரும்போது அதுலேருந்து ஒரு பக்கமாவது வாசிக்காம எப்படி எந்திரிச்சுப் போறது? நான் கடைசில எந்திரிச்சு இதச் சொன்னேன். குரல் நடுங்குச்சு, ஆனா சொல்லிட்டேன்.

மறுநாள் காலைல தனியா ரயில் காரிடார்ல, அதான் பழைய ரயில் பாதைய நடைபாதையாக்கி வச்சிருக்காங்களே, அதுல நடந்தேன். முழுசா 24 கிலோமீட்டர், நான் ஹில்வியூ பக்கம் ஏறி புக்கித் தீமா ஸ்டேஷன் வரைக்கும்தான். இரும்புப் பாலம் அப்படியே இருக்கு, கீழ கார் போகுது, மேல சைக்கிள் போகுது, ரெண்டு பக்கமும் லாலாங் புல்லு. ஸ்டேஷனச் சின்னதா அழகாப் பழுது பாத்து வச்சிருக்காங்க. பிளாட்பாரத்துல நின்னுட்டே இருந்தேன், உங்கப்பா ஞாபகம்தான். அவரு சாவி மாட்டுன டோக்கன் வளையத்தத் தூக்கிப் பிடிச்சுட்டு நிப்பாரு, ரயில் முழுசா நிக்கக்கூட நிக்காது, டிரைவர் கைய நீட்டி அத வாங்கிட்டுப் பழசக் குடுத்துட்டுப் போவாரு. ஒத்தப் பாதைல அந்தச் சாவி யார் கைல இருக்கோ அந்த ரயில் மட்டுந்தான் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போகலாம், ரெண்டு ரயில் எதிரெதிர வந்துரக்கூடாதுல்ல, நீதான் எனக்கு மண்ணுல கோடு போட்டு வெளக்குன, பத்து வயசு இருக்குமா நமக்கு? 2011 ஜூன் வரைக்கும் அதக் கையாலதான் செஞ்சாங்கன்னு அங்க நின்ன ஒரு பையன்கிட்ட சொன்னேன், அவன் நம்பவே இல்ல.

ஜூன் 30 ராத்திரி நாம தஞ்சோங் பகார்ல கூட்டத்துல நசுங்கி நின்னோமே. கடைசி ரயில ஜொகூர் சுல்தானே ஓட்டிட்டுப் போனாரு, எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. உங்கப்பா மட்டும் ரயிலப் பாக்கல, குனிஞ்சு தண்டவாளத்தையே பாத்துட்டு நின்னாரு. அதுக்கப்புறம் நீங்க ஸ்பூனர் ரோடு ரயில்வே குவார்ட்டர்ஸக் காலி பண்ணிட்டு ஈப்போ போயிட்டீங்க. அந்த முகத்த நான் மறக்கல.

அடுத்த வருஷமும் நடத்துறோம், தமிழ்ப் பகுதிய நீங்க பாத்துக்குங்கன்னு சொல்லிட்டாங்க. அதான் கேக்குறேன் செல்வி. அப்பாவ ஒக்கார வச்சுப் பேச விட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணு. கதை மாதிரி சொல்லணும்னு இல்ல, அவரு பாட்டுக்குப் பேசட்டும். கேங்ல யார் யாரு இருந்தாங்க, அவங்கள வேலை வாங்குன மண்டோர் பேரு என்ன, மழைல லைன் பாக்கப் போறப்ப கைல என்ன கொண்டு போவாங்க, ராத்திரி டியூட்டிக்கு அம்மா என்ன கட்டிக் குடுத்தாங்க, குவார்ட்டர்ஸ்ல தீபாவளிக்கு ரெண்டு புளோக்கும் சேந்து ஆடு வெட்டுவாங்களே, அதெல்லாம். களைச்சுட்டாருன்னா நிறுத்திரு, பத்து நிமிஷம் போதும், மறுநாள் இன்னொரு பத்து நிமிஷம். நான் கேட்டுக் கேட்டு எழுதுறேன், எழுதுனத உனக்கு அனுப்புறேன், நீ அவருக்குப் படிச்சுக் காட்டித் தப்பு இருந்தா சொல்லு. அவரு சரின்னு சொன்னாதான் மேடைல வாசிப்பேன்.

பள்ளி லீவுல நானே வர்றேன், ஜொகூர் பாருலேருந்து ரயில்லதான், பஸ் வேணாம். முறுக்கு எதுவும் சுடாத, உங்கூட ஒக்காந்து பேசுனாப் போதும். இப்போதைக்கு ஒண்ணு மட்டும் இன்னைக்கே கேட்டுச் சொல்லு. ரயில் வர்றப்ப அந்த வளையத்த எந்தக் கைல பிடிப்பாரு? எனக்கு வலது கைன்னு ஞாபகம், ஆனா எழுதுறதுக்கு முன்னாடி சரியாத் தெரியணும்.

உன்,
ஜெயா