துருவுக்கும் விலை உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ரிவால்வர் சேகரிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வயது ஏற ஏற விலையும் ஏறும், தங்கம் மாதிரி என்று எழுதியிருந்தீர்கள். பல வருடமாக இதன் பின்னால் அலைகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், அப்படி இல்லை.

நண்பர் ஒருவர், கோல்ட் (Colt) என்ற அமெரிக்க நிறுவனத்தின் 1851 நேவி மாடல் ரிவால்வர் ஒன்றை ஆசையாகக் காட்டினார். கண்ணாடி போல மின்னியது. நான் நேராகத் தோட்டா போடும் உருளையைத்தான் திருப்பிப் பார்த்தேன், ஏனென்றால் இந்த மாடலின் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சியைப் பதித்திருப்பார்கள், வரிசையாகக் கப்பல்கள் வரும். இவருடையதில் ஒரு கப்பல்கூட மிச்சமில்லை. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே புதிதாக நீல மெருகு ஏற்றிவிட்டார்கள். விளிம்புகள் மழுங்கி, எழுத்துகள் பாதி கரைந்து, திருகுத் தலைகளைச் சுற்றி லேசாகக் குழி விழுந்திருந்தது. தேய்க்காமல் பழுப்பேறிப்போய் அப்படியே கிடந்திருந்தால் சேகரிப்பவர்கள் இதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். பாவம், மெருகேற்றவும் அவர் நிறையச் செலவழித்திருக்கிறார், அதனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, துருப்பிடித்ததை யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். ஓவியர் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டது இதனால்தான் என்று நம்பப்படும் லெஃபோஷோ ரிவால்வர், வயலில் புதைந்து அரித்துப்போய், கைப்பிடி மரம்கூட இல்லாமல் கிடைத்தது. 2019-இல் பாரிஸில் 1,62,500 யூரோவுக்கு ஏலம் போனது. பில்லி தி கிட் என்ற அமெரிக்கக் கொள்ளைக்காரனை ஷெரிஃப் பாட் காரெட் சுட்ட கோல்ட் ரிவால்வர், 2021-இல் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அதே மாடலை 1873 முதல் இரண்டாம் உலகப் போர் வரை மூன்று லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள், ஆக அந்தப் பணம் இரும்புக்கு இல்லை, அது யார் கையில் இருந்தது என்று காட்டும் காகிதங்களுக்கு. காகிதம் இல்லாமல் வாயால் சொல்லும் கதைக்குக் காலணா தரமாட்டார்கள்.

வயதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் 1898 முடிய செய்தது பழம்பொருள், 1899-இல் செய்தது கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட துப்பாக்கி. அதனால் சில வாரம் முன்பின்னாக ஒரே ஆலையில் பிறந்த இரண்டுக்குள் விலை வித்தியாசம் வந்துவிடுகிறது!

அப்புறம், நிறுத்திவிட்டதை இனி செய்யவே மாட்டார்கள் என்று நம்பி வாங்கிப் போடுவது. கோல்ட் பைத்தான் என்ற ரிவால்வரை 1955-இல் தொடங்கி 2005-இல் நிறுத்தினார்கள், பழையதன் விலை எங்கேயோ போனது. 2020-இல் அதே பெயரில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். சுடுவதற்கு வேண்டும் என்பவர் புதியதை வாங்கிக்கொள்வார், பழையதன் அந்த ஆழ்ந்த நீல மெருகுக்கு மயங்குகிறவர் மட்டும்தான் பழையதைத் தேடி வருவார். எத்தனை பேர் அப்படி என்பதில்தான் விலையே நிற்கிறது.

கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் இருப்பதும் மெருகேற்றியது என்றுதான் எனக்குப் படுகிறது. பெரிதாக்கி அந்தத் திருகுகளைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்